பெட்டிக்குள் பயணம் போகும் சமையல்

அமெரிக்காவில் ‘சைனீஸ் டேக்அவுட்’ என்று சொல்லும் சிறிய பார்சல் கடைகளைப் பற்றி இன்று பேசுகிறேன். நியூயார்க்கில் புரூக்ளின், பிராங்க்ஸ் பக்கம் போனால் நாலு தெருவுக்கு ஒன்றாவது கண்ணில் படும். பேருக்கு இரண்டு மேஜை போட்டிருப்பார்கள். அதுவும் இல்லாத கடைகள் உண்டு. கவுண்டருக்கு மேலே, உள்ளே விளக்கெரியும் பலகையில் வரிசையாகச் சாப்பாட்டுப் படங்கள், படத்துக்கு ஒரு எண். மதிய நேரத்தில் சோறு, இறைச்சியோ காய்கறியோ ஒன்று, கூடவே சூப் அல்லது எக் ரோல் என்று பத்துப் பன்னிரண்டு டாலரில் வயிறு நிறைந்துவிடும்.

இந்தக் கடைகளைப் பற்றிக் குறை சொல்லும்போது வாடிக்கையாளர்கள் இரண்டு விஷயம் தவறாமல் சொல்வார்கள். முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்பது ஒன்று. இது அசல் சீனச் சாப்பாடே கிடையாது என்பது மற்றொன்று. இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. இங்கே நடப்பது தனியொரு சமையல் கலை. அதற்குரிய கணக்கே வேறு.

உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலில், வாணலியிலிருந்து இறங்கிய பண்டம் அடுத்த நிமிஷமே மேஜைக்கு வந்துவிடும். பார்சல் கடைச் சாப்பாடு பெட்டிக்குள் அடைபட்டு, பைக்குள் போய், இருபது நிமிஷம் சைக்கிளில் குலுங்கி, மூன்றாவது மாடியில் ஒருவர் திறக்கும்போது வாயில் வைக்கும்படி இருக்க வேண்டும். அந்த இருபது நிமிஷத்தையும் மனதில் வைத்துத்தான் சமையற்காரர் கரண்டியைப் பிடிக்கிறார்.

கோழித் துண்டுகளில் சோளமாவு புரட்டி ஒரு முறை பொரித்து வைத்திருப்பார்கள். ஆர்டர் வந்ததும் நல்ல சூட்டில் மறுபடி பொரிப்பார்கள். இரண்டாம் முறை பொரிக்கும்போது மேல்பூச்சில் இருக்கிற ஈரம் போய்விடுவதால், சாஸில் புரட்டிய பிறகும் மொறுமொறுப்பு கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். சாஸிலும் சோளமாவு கரைத்து ஊற்றுவார்கள்; அது கெட்டிப்பட்டுத் துண்டைக் கவ்விக்கொள்ளும், அடியில் தண்ணீராகத் தேங்காது. ப்ராக்கோலியை முன்னதாகவே கொதிநீரில் அரைவேக்காடாக எடுத்துவிடுவார்கள். வோன்டன் சூப்புக்கான பொரித்த நூடுல்ஸ் மட்டும் தனிப் பொட்டலமாக வரும், நாமே கடைசியில் போட்டுக்கொள்வதற்கு.

அடுப்படியை எட்டிப் பார்க்க வாய்த்தால் பாருங்கள். தீயைக் கூட்டவும் குறைக்கவும் முழங்கால் உயரத்தில் ஒரு இரும்பு நெம்புகோல் இருக்கும். சமையற்காரர் முழங்காலால் அதைத் தள்ளியதும் தீ இரைந்து எழும்பும். இரண்டு கையும் வாணலியிலேயே இருக்கும். உப்பு, சர்க்கரை, சோயா சாஸ், சோளமாவுக் கரைசல் எல்லாம் பக்கத்தில் வரிசையாக. அளவு ஸ்பூன் எதுவும் கிடையாது. நீளக் கரண்டியின் நுனியால் ஒவ்வொன்றிலும் தொட்டு எடுப்பார், அவ்வளவுதான் கணக்கு. பண்டத்தைப் பெட்டியில் கொட்டியதும், அடுப்புக்கு மேலேயே இருக்கும் குழாயைத் திருப்பி, மூங்கில் துடைப்பத்தால் வாணலியை இரண்டு சுழற்று சுழற்றிவிட்டால் அடுத்த ஆர்டருக்குத் தயார். போனில் ‘டென் மினிட்ஸ்’ என்று அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்களே, இந்தக் கைவேகத்தை நம்பித்தான்.

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பல கடைகளில் ‘ஜெனரல் சோ கோழி’ என்ற பொரித்த கோழி திகட்டும் அளவுக்கு இனிக்கிறது. சூடான எக் ரோலை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இறுக்கி மூடினால், வீடு சேர்வதற்குள் ஆவியில் நனைந்து தொய்ந்துவிடும். அக்கறையுள்ள கடையில் அதைக் காகிதப் பையில் போட்டுத் தருவார்கள். ஒரு கடையை எடைபோட நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இந்த விஷயத்தில் பழைய காகிதப் பெட்டிக்கு ஈடில்லை. சிகாகோவைச் சேர்ந்த ஃபிரெடரிக் வீக்ஸ் வில்காக்ஸ் 1894-இல் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. சிப்பி இறைச்சியை வீட்டுக்கு எடுத்துப்போகப் பயன்பட்ட வாளியிலிருந்து வந்தது. ஒரே தாளை மடித்துச் செய்வதால் அடியில் ஒழுகாது. மேல்மடிப்பின் இடுக்கு வழியே ஆவி வெளியேறிவிடும். மடிப்பைப் பிரித்தால் தட்டாகவும் விரியும். பல கடைகள் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறிவிட்டதில் எனக்கு வருத்தம்தான்.

அசலா இல்லையா என்ற பேச்சுக்கு வருவோம். 1882-இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் குடியேறத் தடை போட்டது. வணிகர்கள் போன்ற சிலருக்கு விலக்கு. 1915-இல் வந்த ஒரு நீதிமன்றத் தீர்ப்பு ஓட்டல் முதலாளிகளையும் வணிகர் கணக்கில் சேர்த்தது. உறவினர்கள் பணம் சேர்த்து ஓட்டல் திறந்தால் நாட்டுக்குள் வரலாம் என்று ஆயிற்று. தடைச் சட்டம் 1943 வரை நீடித்தது. பிழைப்புக்காகத் திறந்த கடை, வாசலில் வந்து நிற்பவரின் நாக்கைத்தான் முதலில் கேட்கும். ஹூனானில் பிறந்த பெங் சாங்-குவெய் தைவானில் உருவாக்கிய ஜெனரல் சோ கோழியில் இனிப்பு கிடையாது. 1970-களில் நியூயார்க் வந்த பிறகுதான் அது இனிப்பும் மொறுமொறுப்புமாக மாறியது. செயின்ட் லூயிஸ் நகரில் சீன முட்டை அடையை வெள்ளை ரொட்டிக்குள் மயோனைஸோடு வைத்துத் தருகிறார்கள். சாப்பாட்டோடு தரும் பார்ச்சூன் குக்கிகூட ஜப்பானியர் கொண்டுவந்தது. அந்தந்தத் தெருவின் விருப்பத்தை இவ்வளவு கூர்ந்து கவனித்தவர்களைத்தான் முகம் கொடுக்காதவர்கள் என்கிறோம்.

கவுண்டரில் இருக்கும் அம்மா சிரிக்கவில்லை என்பது உண்மைதான். தோளுக்கும் காதுக்கும் நடுவே போன், கையில் பேனா, எதிரே ஐந்து பேர். ஒரு சைவ நண்பரோடு அப்படியொரு கடைக்குப் போனேன். முட்டை வேண்டாம், ஆய்ஸ்டர் சாஸ் வேண்டாம், கோழிச் சாறும் கூடாது என்று அவர் நீட்டி முழக்கினார். அந்த அம்மா சீட்டில் சீன எழுத்தில் மூன்று கிறுக்கல் போட்டு, தலையை ஆட்டிவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். கேட்டபடியே வந்தது. வெகுநாள் கழித்து அவர் மறுபடி போனபோது, வாயைத் திறப்பதற்குள் ‘நோ எக்?’ என்று அந்த அம்மாவே கேட்டிருக்கிறார். இந்த ஞாபகத்தை நான் பெரிய உபசாரமாகவே எண்ணுகிறேன். சைவர்களுக்கு ஒரு வார்த்தை: வாணலியும் பொரிக்கும் எண்ணெயும் எல்லாருக்கும் பொதுவாகத்தான் இருக்கும். கண்டிப்பானவர்கள், ஆவியில் வேகவைத்த காய்கறியை வாங்கி, சாஸைத் தனியாகக் கேட்பது நல்லது.

டிசம்பர் 25 அன்று ஊரே அடைத்துக் கிடக்கும்போதும் இந்தக் கடைகள் திறந்திருக்கும். கிறிஸ்துமஸ் கொண்டாடாத யூதக் குடும்பங்கள் அன்று சீனக் கடைக்குப் போவது நெடுநாள் வழக்கம். எலினா கேகன் 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கான நியமன விசாரணையின்போது இதைச் சொல்லவே, செனட் அறையே சிரித்தது.

கவுண்டரில் வீட்டுப்பாடம் எழுதியபடி அப்பாவுக்காக ஆங்கிலத்தில் போன் பேசிய பிள்ளைகளில் பலர் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பெற்றோர் அனலில் நின்றதே அதற்காகத்தான். அதில் குறைப்பட ஒன்றுமில்லை. ஆனால் கடையை எடுத்து நடத்த ஆளில்லாமல் பல இடங்களில் மூடுகிறார்கள். ஹார்லி ஸ்பில்லர் என்ற நியூயார்க்காரர் ஏறத்தாழ 10,000 சீன ஓட்டல் மெனு அட்டைகளைச் சேர்த்து வைத்தார். அவை இப்போது டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் இருக்கின்றன. அட்டைகளைக் காப்பாற்றியதுபோல, அந்தச் சமையற்காரர்கள் ஓய்வு பெறுவதற்குள் யாராவது அடுப்புப் பக்கத்தில் நின்று அவர்களுடைய கையளவுகளையும் குறித்து வைக்க வேண்டும்.