கட்சிக்காரரின் காசு: பெரகல ஆய்வரங்கின் தலைமை உரை



சட்டத்தரணிகளின் தொழில் ஒழுக்கம் பற்றிப் பேசுவதென்றால் வழக்கமாகக் கொழும்பில், நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம் பார்ப்பார்கள். இந்த ஆய்வரங்கைப் பெரகலயில்தான் வைப்போம் என்று அமைப்பாளர்கள் பிடிவாதமாக நின்றார்கள். அந்தப் பிடிவாதத்துக்கு என் நன்றி. இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஏறி வரும் வீதி இந்தச் சந்தியில்தான் பிரிகிறது. ஒரு கிளை அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் ஏறுகிறது. மற்றது கொஸ்லந்த வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. காலையில் இங்கே பஸ்ஸுக்கு நிற்பவர்களில் சிலர் நெஞ்சோடு ஒரு பொலித்தீன் பையை அணைத்திருப்பார்கள். வழக்குக்கோ தொழில் திணைக்களத்துக்கோ போகிறவர்கள். அந்தப் பைக்குள் அடையாள அட்டை இருக்கும், பிறப்புச் சான்றிதழ் இருக்கும், சேமலாப நிதிக் காகிதங்கள் இருக்கும், மடித்து மடித்துக் கிழிந்த ஒரு சத்தியக்கடதாசி இருக்கும். சட்டத்தரணிக்குக் கொடுத்த காசுக்கான பற்றுச்சீட்டு பெரும்பாலும் இருக்காது. என் உரை முழுவதும் அந்த இல்லாத சீட்டைப் பற்றியதுதான்.

முதலில் காசின் அளவைப் பார்ப்போம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் பூர்த்தி செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாகச் சேர வேண்டும். வேலை முடிந்து 30 நாளுக்குள் அது கைக்கு வர வேண்டும். 2024 செப்டெம்பரில் நிர்ணயமான 1,350 ரூபா நாட்சம்பளத்தை வைத்து, 30 வருடம் கொழுந்தெடுத்த ஒரு பெண்ணுக்குக் கணக்குப் போட்டால் 567,000 ரூபா வருகிறது. அதில் நூற்றுக்குப் பத்து என்று யாரோ வாய்ப்பேச்சில் முடித்து எடுத்துக்கொண்டால் 56,700 ரூபா. 42 நாள் மலையேறி இறங்கிய சம்பளம் அது. வேலை செய்தவர் கூலி கேட்பதில் தவறே இல்லை. சட்டத்தரணிக்கும் அந்த நியாயம் உண்டு. ஆனால் எவ்வளவு, எதற்காக, எந்தத் தேதியில் வாங்கப்பட்டது என்று எழுதி வைத்தவர் யார்?

தோட்டத்து வழக்கில் கட்டணம் ஒரே தொகையாகப் போவதில்லை என்பதைத் தோட்டத்தை அறியாதவர்கள் கவனிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தோட்டச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் இன்னொரு பெயர், அடையாள அட்டையில் மூன்றாவது எழுத்துக்கூட்டல். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சொல்ல ஒரு சத்தியக்கடதாசி வேண்டும். டைப் அடிக்க ஒரு காசு, முத்திரைக்கு ஒரு காசு, கூட்டிப் போனவருக்கு ஒரு காசு, ‘ஐயாவுக்கு’ ஒரு காசு. எது சட்டத்தரணியின் கட்டணம், எது செலவு, எது தரகரின் பங்கு என்று கொடுத்தவருக்குத் தெரியாது. நாளைக்கு முறைப்பாடு என்று வந்தால் அதே மங்கல் சட்டத்தரணிக்குக் கேடயமாகிவிடுகிறது. ‘நான் வாங்கவில்லை, அது அந்த ஆள் வாங்கியது’ என்று சொல்லிவிட்டால் மறுக்கச் சாட்சியம் இல்லை.

முன்பு இந்தக் கஷ்டம் இவ்வளவு இல்லை. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31பி பிரிவு, தொழிலாளியின் சார்பில் தொழிற்சங்கமே தொழில் நியாய சபைக்குப் போக வழி விட்டது. மாதச் சந்தாவில் வழக்கும் அடங்கியது. இன்று ஓய்வு பெற்றவர்கள் சந்தாப் பட்டியலில் இல்லை. இளையவர்கள் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குத் தோட்டத் தலைவரும் இல்லை, சங்கமும் இல்லை. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டால் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் மனு போட்டாக வேண்டும். காசை வாங்கிக்கொண்டு ‘போட்டாச்சு, தவணைக்குச் சொல்கிறேன்’ என்று ஒருவர் ஏழு மாதம் கடத்தினால், தொலைந்தது கொடுத்த காசு மட்டுமா? வழக்கே செத்துப் போகிறது.

இப்படி ஒரு வழக்குச் செத்த கதை சென்னையில் நடந்து, இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. தொழில் ஒழுக்கம் படிக்கும் மாணவர் எவரும் ரங்கதுரை வழக்கைத் தாண்டிப் போக முடியாது. காது கேளாத ஒரு முதியவர். இரண்டு புரோநோட்டுகள், 15,000 ரூபாவுக்கு ஒன்று, 5,000 ரூபாவுக்கு ஒன்று. வசூலிக்க வழக்குப் போடச் சொல்லி ரங்கதுரை என்ற வழக்கறிஞரிடம் நீதிமன்றக் கட்டணமும் செலவுக் காசும் கொடுக்கப்பட்டன. வழக்குப் போடப்படவே இல்லை. போட்டாகிவிட்டதாகச் சொல்லிப் பொய்யான தவணைகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார் அந்த வழக்கறிஞர். காலாவதிக் கெடு கடந்து போயிற்று. தமிழ்நாடு வழக்கறிஞர் மன்றம் ஆறு வருடம் தொழில் செய்யத் தடை விதித்தது. இந்திய வழக்கறிஞர் மன்றம் அதை ஒரு வருடமாகக் குறைத்தது. 1978 ஒக்டோபர் 4ஆம் திகதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நீதியரசர் கிருஷ்ண ஐயர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பில் இரண்டு புதுமைகள் இருந்தன. பாதிக்கப்பட்ட முதியவருக்கு 2,500 ரூபா கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. தடைக்காலத்தைச் சுருக்கி, அந்த வழக்கறிஞர் தமிழ்நாட்டில் இலவச சட்ட உதவி அமைப்பின் கீழ் ஏழைகளுக்கு உழைக்க வேண்டும் என்பது மற்றது. நீதியரசர் ஏ. பி. சென் இந்தக் கருணைக்கு உடன்படாமல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

கிருஷ்ண ஐயர் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. இந்தியாவில் சட்ட உதவி பற்றிய 1973ஆம் ஆண்டு அறிக்கை அவர் தலைமையில் வந்தது. ஏழையின் வழக்கை நெஞ்சில் சுமந்த நீதியரசர் அவர். அவர் தீர்ப்பின் முதற்பாதியை நான் இரு கரம் நீட்டி வரவேற்கிறேன். ஒழுக்க விசாரணையில் கட்சிக்காரரின் இழப்பையும் கணக்கில் எடுத்த துணிவு அது. இரண்டாம் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு ஏழையின் வழக்கைச் சாகடித்தவருக்குத் தண்டனையாக இன்னும் பல ஏழைகளின் வழக்குகளைக் கொடுப்பது எப்படி நியாயமாகும்? சட்ட உதவி நாடி வருகிறவருக்குக் கிடைக்க வேண்டியது நம்மிடம் உள்ள மிகச் சிறந்த சட்டத்தரணி. தவறு செய்தவரைத் திருத்தும் இடமாக ஏழையின் வழக்கை ஆக்கக் கூடாது. இந்த ஒரு விடயத்தில் சென் பக்கமே நான் நிற்கிறேன். இன்றைய கட்டுரையாளர்களில் யாராவது மறுத்துப் பேசினால் மகிழ்ச்சியோடு கேட்பேன்.

உத்தரப் பிரதேசத்தில் நடந்தது இன்னும் கொடுமை. நிலம் கையகப்படுத்திய வழக்கில் படிப்பறிவில்லாத ஒரு முதிய கிராமத்தவருக்குச் சேர வேண்டிய 8,118 ரூபாவை அவருடைய வழக்கறிஞர் 1987 செப்டெம்பரில் நீதிமன்றத்திலிருந்து பெற்று வைத்துக்கொண்டார். முறைப்பாடு போன பிறகு, சமரசம் ஆகிவிட்டது என்று பொய்ச் சத்தியக்கடதாசியும் வைத்தார். வழக்கறிஞர் மன்றம் விதித்த தண்டனை மூன்று வருடத் தடை. அதுவும் அதிகம் என்று ஹரீஷ் சந்திர திவாரி என்ற அந்த வழக்கறிஞரே மேன்முறையீடு செய்தார். 2002 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பெயரை வழக்கறிஞர் பட்டியலிலிருந்தே நீக்கியது. 1987இலிருந்து 2002 வரை எண்ணிப் பாருங்கள். காசு வாங்கும் முன்பே முதியவராக இருந்தவரின் கதை இது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, ஏமாற்று, தொழில் முறைகேடு, குற்றம் ஆகியவற்றுக்காக ஒரு சட்டத்தரணியை இடைநிறுத்தவோ நீக்கவோ உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதியரசர்கள் சேர்ந்து அமரும் ஆயத்துக்கு அதிகாரம் தருகிறது. 1988ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் வகுத்த நடத்தை விதிகளின் 60ஆம் விதி, நற்பெயரும் திறமையும் உள்ள சட்டத்தரணிகளின் கண்ணில் இழிவாகப்படும் நடத்தையைத் தடுக்கிறது. நல்ல விதிதான். ஆனால் இந்த இரண்டும் தொழிலின் மானத்தைக் காக்க எழுந்தவை. இடைநிறுத்தலாம், நீக்கலாம், கொடுத்த காசு என்ன ஆவது என்பதற்கு 42ஆம் பிரிவில் விடை இல்லை. காசைத் திரும்பப் பெறத் தனி வழக்குப் போட வேண்டும். அதற்கு இன்னொரு சட்டத்தரணி வேண்டும். அவருக்கும் காசு வேண்டும். இந்தச் சுற்றில் மாட்டிக்கொள்வதை விட விட்டுவிடுவதே மேல் என்று பெரகலயைச் சேர்ந்த ஒரு அம்மா முடிவு செய்தால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

தூரத்தையும் மொழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயர் நீதிமன்றம் கொழும்பில்; இங்கிருந்து பஸ்ஸில் போக ஐந்தாறு மணி நேரம், போனால் அன்றைய சம்பளம் இல்லை. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி இந்த ஊவா மாகாணத்தின் நீதிமன்றங்களில் பதிவேடும் நடவடிக்கையும் சிங்களத்தில் நடக்கின்றன. மனுவைத் தமிழில் போடவும் மொழிபெயர்ப்புக் கேட்கவும் அதே உறுப்புரை உரிமை தருகிறது. அந்த உரிமையை எத்தனை பேருக்கு நாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? தன் வழக்கில் அன்று என்ன நடந்தது என்பதையே சட்டத்தரணியின் வாயிலிருந்து தெரிந்துகொள்ளும் ஒருவருக்கு, அவர் பொய் சொல்கிறார் என்று கண்டுபிடிக்க வழி ஏது? சென்னை முதியவருக்குக் காது கேட்கவில்லை. இங்கே நல்ல காதுள்ளவர்களுக்கே வழக்கு கேட்பதில்லை.

இதைச் சொல்லும்போது சட்டத்தரணிகள் எல்லாரையும் ஒரே தராசில் வைப்பதாக யாரும் எண்ண வேண்டாம். மலையக மக்கள் கறுப்பு அங்கியை நம்புவதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸாரால் சுடப்பட்டு இறந்தபோது, விசாரணையில் அவருடைய மனைவிக்காகச் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். மலையக மக்களின் குடியுரிமை பறிபோன காலத்தில் கோடாக்கன் பிள்ளை வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. 1953இல் தோற்றாலும், இந்த மக்களின் கேள்வியை உலகத்தின் முன் வைத்தது. இன்றும் பண்டாரவளையிலும் பதுளையிலும் தோட்டத்து ஏழையிடம் பஸ் காசைக் கூட வாங்காமல் வாதாடுகிறவர்கள் உண்டு. அவர்கள் சம்பாதித்து வைத்த நம்பிக்கையைத்தான் ஒரு சிலர் விற்றுத் தின்கிறார்கள். ஆகவே ஒழுக்க நடவடிக்கை கடுமையாக வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் நேர்மையான சட்டத்தரணிகளே.

மீண்டும் அந்த இல்லாத சீட்டுக்கு வருவோம். இந்தியாவில் வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள், கட்சிக்காரரின் காசுக்கு வழக்கறிஞர் கணக்கு வைக்க வேண்டும், கட்டணமா செலவா என்று பிரித்து எழுத வேண்டும் என்கின்றன. வெற்றியில் பங்கு பேசுவதையும் தடுக்கின்றன. கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கோப்பைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஆர். டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விதி இருந்தும் அங்கே ஏமாற்று ஒழியவில்லை என்பது உண்மை. ஆனால் எழுத வேண்டும் என்ற கடமை இருந்தால், எழுதாமல் விட்டதே சட்டத்தரணிக்கு எதிரான சாட்சியம் ஆகிவிடும். நிரூபிக்கும் பாரம் தொழிலாளியின் தோளிலிருந்து இறங்கும். பொலித்தீன் பையோடு நிற்கும் அந்த அம்மாவுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே இந்த ஆய்வரங்கில் உங்களிடம் சில வேண்டுகோள்கள். சட்டத்தரணி வாங்கும் ஒவ்வொரு காசுக்கும் கட்சிக்காரரின் மொழியில் பற்றுச்சீட்டு கட்டாயமாக வேண்டும் என்று கேட்போம். அதில் கட்டணம், செலவு, அடுத்த தவணை மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். முறைப்பாட்டைப் பதுளையிலேயே, தமிழிலேயே, வாயால் சொன்னாலும் எழுதி வாங்க ஓர் இடம் வேண்டும். சட்ட உதவி ஆணைக்குழுவும் இலங்கை சட்டத்தரணிகள் சங்கமும் மனம் வைத்தால் நடக்கக் கூடியது இது. இடைநிறுத்தப்பட்ட ஒருவர் திரும்பி வர விண்ணப்பித்தால், கட்சிக்காரரின் காசு முழுவதும் திரும்பிக் கொடுக்கப்பட்டதா என்ற கேள்வியே அங்கே முதலில் கேட்கப்பட வேண்டும்.

இன்று மாலை கலைவதற்கு முன்பாக, தமிழிலும் சிங்களத்திலும் அந்தப் பற்றுச்சீட்டின் மாதிரி ஒன்றை நாம் எழுதி முடிப்போம். இங்கே அமர்ந்திருக்கும் சட்டத்தரணி நண்பர்கள், சட்டம் வரும் வரை காத்திராமல், நாளைக்கே தங்கள் மேசையில் அதைப் பாவிக்கத் தொடங்குங்கள் என்று கைகூப்பிக் கேட்டு, முதல் அமர்வைத் தொடக்கி வைக்கிறேன்.