படையில் கற்ற கைத்தொழில் வீணாகலாமா?

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் மரபு. இன்று அம் மரபினின்று சற்றே விலகி, ஒரு கைத்தொழிலைப் பற்றிப் பேச உங்கள் இசைவை வேண்டுகின்றோம். இவ்வூர்த் தமிழர் வரலாற்றைப் படையினின்று பிரித்து எழுத இயலாது. 1806ஆம் ஆண்டில் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் பாளையம் உருப்பெற்ற காலந்தொட்டு, சென்னைப் படையோடு வந்தவர்களும் அப் படைக்குப் பண்டங்கள் வழங்க வந்தவர்களுமாக நம் முன்னோர் பலர் இங்கே குடியேறினர். அதன் தொடர்ச்சியே இன்றும் நடக்கின்றது. பேகம்பேட்டை, ஹக்கீம்பேட்டை, துண்டிகல் ஆகிய விமானப் படைத் தளங்களுக்கு மாற்றலாகி வந்து, பணி முடிந்தபின் திருமலகிரியிலும் பொல்லாரத்திலும் வீடு அமைத்துக்கொண்ட குடும்பங்கள் இவ் வவையிலேயே சில உண்டு. அவர்களுள் ஒரு சாராரின் குறையைத்தான் இன்று எடுத்துரைக்க எண்ணினோம்.

விமானியை நாடு அறியும். விமானத்தின் எந்திரத்தைச் செப்பனிடுபவரையும் ஓரளவு அறியும். ஆனால் விமானியின் உடலைத் தொட்டு நிற்கும் கருவிகளைக் காப்பவரை யார் அறிவார்? தலைக்கவசம், பிராணவாயு முகமூடி, பாரசூட், கடலில் விழுந்தால் தாங்கும் உயிர்காப்பு அங்கி, காற்றடைத்தால் விரியும் ரப்பர்ப் படகு, இவையெல்லாம் அவர் பொறுப்பு. துண்டிகல் விமானப் படைப் பயிற்சிக் கழகத்தில் இளைஞர்கள் முதன்முதலாக ஓட்டப் பழகும் பிலாட்டஸ் விமானத்தில், ஆபத்து வேளையில் விமானியை வெளியே எறியும் இருக்கை உண்டு. எறியப்பட்டவரைத் தரைக்கு இறக்குவது பாரசூட். அதன் துணியில் ஒரு மடிப்புப் பிசகினாலும், ஒரு கயிறு முறுக்கிக்கொண்டாலும், மறுமுறை திருத்த வாய்ப்பில்லை. மடித்தவர் பெயர் ஏட்டில் இருக்கும், கையொப்பமும் இருக்கும். நன்றாக மடித்தீர் என்று பாராட்டுவார் இல்லை. ஆயினும் ஒவ்வொரு நாளும் யாரோ ஓர் இளைஞர் அக் கையொப்பத்தை நம்பியே வானில் ஏறுகின்றார்.

இனி நாம் நேரில் அறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். நம் சங்கத்து அன்பர் ஒருவர். பெயரைச் சொல்ல அவர் இசையார். பத்தொன்பதாம் வயதில் விமானப் படையில் சேர்ந்து, 20 ஆண்டுகள் இத் தொழிலையே செய்து ஓய்வு பெற்றார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஏழாம் வகுப்பு. ஓய்வூதியம் உண்டு, ஆனால் பிள்ளைகளின் படிப்புக்கு அது மட்டும் போதுமா? ஒரு நிறுவனத்திற்கு வேலை கேட்கச் சென்றார். “படையில் என்ன வேலை பார்த்தீர்?” என்று வினவினார் அதிகாரி. “சேஃப்டி எக்விப்மெண்ட், ஐயா” என்றார் இவர். “பாதுகாப்பு வேலைதானே? நல்லது, வாயிற்காவலுக்கு ஆள் வேண்டும்” என்று விடை வந்தது!

காவற்பணி இழிவானது என்று நாம் சொல்லவில்லை. ஊர் உறங்க ஒருவர் விழித்திருப்பது உயர்ந்த தொண்டே. ஆனால் இருபது ஆண்டுகள் உயிர்மூச்சைக் காக்கும் கருவிகளோடு பழகிய கையில், ஒரு சொல்லைப் பிழைபடப் புரிந்துகொண்டமையால், ஊதுகுழலும் தடியும் கொடுக்கப்பட்டன. இது தனி ஒருவர்க்கு நேர்ந்த இழப்பு மட்டுமா? நாட்டுக்கும் இழப்பு அன்றோ?

அவர் பிறகு ஒரு மருத்துவமனையின் வாயிலில் காவலராக அமர்ந்தார். 2021ஆம் ஆண்டு கொரோனாவின் இரண்டாம் அலை வந்தது. பிராணவாயு உருளைகள் இரவும் பகலும் வண்டிகளில் வந்திறங்கின. ஓர் இரவு, எண்ணெய்க் கறை படிந்த கையோடு ஒருவர் உருளையின் அடைப்பைத் திறக்கப் போவதை நம் அன்பர் கண்டார். ஓடிச் சென்று கையைப் பற்றித் தடுத்தார். அழுத்தமான பிராணவாயுவும் எண்ணெய்ப் பிசுக்கும் கூடினால் தீப்பற்றும் என்பது படையில் முதல் வாரத்திலேயே அவர் கற்ற பாடம். “காவற்காரருக்கு இது எப்படித் தெரியும்?” என்று வியந்து கேட்டார் மருத்துவர். அன்றுதான் அவருடைய இருபது ஆண்டுக் கதையை முதன்முதலாக ஒருவர் முழுமையாகக் கேட்டார். இன்று அங்கே வாயுக் குழாய்களையும் உருளைகளையும் மேற்பார்வை செய்பவர் அவரே.

அதே ஆண்டில் நாடறிய நடந்த ஒன்றையும் நினைவூட்டுவோம். தேஜஸ் போர் விமானத்தில் விமானி சுவாசிக்கும் பிராணவாயுவைப் பறக்கும்போதே காற்றிலிருந்து பிரித்தெடுக்கும் முறையைப் பெங்களூரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம் ஒன்று உருவாக்கியிருந்தது. அம் முறையையே அடிப்படையாகக் கொண்டு, நிமிடத்திற்கு 1000 லிட்டர் பிராணவாயு தரும் நிலையங்கள் மருத்துவமனைகளுக்கென அமைக்கப்பட்டன. நோயாளி ஒருவர்க்கு நிமிடத்திற்கு 5 லிட்டர் என்று கொண்டால், ஒரு நிலையம் ஏறத்தாழ 190 பேருக்கு மூச்சளிக்கும். அவற்றுள் 48 நிலையங்களைச் செய்யும் பொறுப்பு நம் கோயம்புத்தூரிலுள்ள ஒரு தொழிற்சாலைக்குக் கிடைத்தது. போர் விமானியின் முகமூடிக்கும் ஏழை நோயாளியின் படுக்கைக்கும் இடையே உள்ள தொலைவு அவ்வளவுதான், அன்பர்களே! கருவி அத் தொலைவைக் கடந்துவிட்டது. கருவியைக் காத்தவர் கடக்க நாம் அல்லவா வழி செய்ய வேண்டும்?

வழிகள் எவை என்று பார்ப்போம். ஷம்ஷாபாத் விமான நிலையம் 2008இல் தொடங்கியபின், பயணி விமானங்களைச் செப்பனிடும் பெரிய கொட்டகைகள் அங்கே எழுந்துள்ளன. செப்பனிட்ட விமானம் பறக்கத் தகுந்தது என்று சான்றளிக்க, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். படைச் சான்று அதற்கு ஈடாகாது; தேர்வு எழுதித்தான் பெற வேண்டும். இதை மறைத்து ஆசை காட்டுதல் தகாது. ஆனால் விமானத்தினின்று கழற்றிப் பட்டறையில் சோதிக்கப்படும் உயிர்காப்பு அங்கிகள், பிராணவாயு உருளைகள், ஆபத்தில் காற்றடைத்து விரியும் சறுக்குப் பாதைகள் ஆகியவற்றின் வேலை வேறு. அங்கீகாரம் பெற்ற பட்டறையே தன் பணியாளர்க்குப் பயிற்சியும் அதிகாரமும் அளிக்கின்றது. சறுக்குப் பாதையை மடிப்பதும் பாரசூட்டை மடிப்பதும் உடன்பிறந்த கலைகள்.

கப்பல்களிலும் இடமுண்டு. கப்பலில் உள்ள காற்றடைக்கும் உயிர்காப்புப் படகுகளைப் பொதுவாக 12 மாதங்களுக்கு ஒருமுறை அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் விரித்துச் சோதிக்க வேண்டும் என்பது உலக நாடுகளின் உடன்படிக்கை. விசாகப்பட்டினமும் சென்னையும் தூத்துக்குடியும் இத்தகைய வேலைக்கு உரிய துறைமுகங்கள். தீயணைப்போர் அணியும் மூச்சுக் கருவி, உயரத்தில் வேலை செய்வோர் அணியும் வார்க் கச்சை ஆகியவற்றைச் சோதிக்கும் பணியும் இக் கைகளுக்குப் புதிதன்று. அரசுப் பணியை நாடுவோர் இன்னொன்றும் அறிதல் நலம். பத்தாம் வகுப்புத் தேறி 15 ஆண்டுகள் படையில் பணியாற்றியவரை, தொழில்நுட்பத் தகுதி கோராத மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளுக்குப் பட்டதாரியாகக் கருத விதி உண்டு. இதை அறியாது விண்ணப்பமே செய்யாதிருந்தவர்களை நாம் கண்டிருக்கின்றோம்.

இத் தொழிலாளர் தம்மோடு கொண்டுவரும் பெருஞ்செல்வம் எது? கருவிகளின் பெயரா? அவை மாறும். செய்யாததைச் செய்ததாக ஏட்டில் எழுதாத பழக்கமே அச் செல்வம். அது இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கு ஒரு துயரச் சான்று உண்டு. 1996 மே 11ஆம் நாள் அமெரிக்காவில் மயாமி நகரினின்று புறப்பட்ட வேல்யுஜெட் விமானம் ஒன்று தீப்பற்றிச் சதுப்பு நிலத்தில் விழுந்தது; 110 பேர் மாண்டனர். வேறு விமானங்களினின்று கழற்றிய பழைய பிராணவாயு உற்பத்திக் குப்பிகள் அதன் சரக்கறையில் ஏற்றப்பட்டிருந்தன. அக் குப்பிகள் இயங்கத் தொடங்கினால் கடுஞ்சூடு எழும்; ஆதலின் அவற்றுக்குச் சிறு மூடி ஒன்று இடவேண்டும். மூடிகள் இடப்படவில்லை, இட்டதாக வேலைச் சீட்டில் கையொப்பம் மட்டும் இருந்தது. மூடியின் விலை சிறிது. கையொப்பத்தின் விலை 110 உயிர்! அக் கையொப்பத்தின் பெருமையை இருபது ஆண்டுகள் பயின்றவர் நம்மிடையே இருக்க, அவரைப் பயன்படுத்திக்கொள்ளாதது யார் குற்றம்?

ஆதலின் சங்கத்தின்முன் ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். ஓய்வு பெறுதற்கு ஓராண்டு முன்னரே நம் அன்பர்கள் சங்கத்திற்கு வரட்டும். படையினரின் மறுவாழ்வுக்கென மத்திய அரசு நடத்தும் பயிற்சிகள் பெரும்பாலும் பணிக்காலத்தின் இறுதியில் கிடைப்பவை. காலம் தாழ்த்தாதிருப்பது நலம். அவர்தம் பணி ஏட்டிலுள்ள படைச் சொற்களைக் குடிமக்களின் சொற்களாக்கி எழுதித்தர மூவர் கொண்ட குழு போதும். “சேஃப்டி எக்விப்மெண்ட்” என்று எழுதி நிறுத்தாமல், எந்த அழுத்தத்தில் எந்த உருளையைச் சோதித்தார், எத்தனை பாரசூட் மடித்தார், எத்தனை பேருக்குப் பயிற்சி தந்தார் என்று விளங்க எழுத வேண்டும். படை மறைவாகக் காக்கும் செய்திகளை மட்டும் விட்டுவிட வேண்டும். பட்டறைகளிலும் மருத்துவமனைகளிலும் பொறுப்பில் உள்ள நம் உறுப்பினர்கள், அவ் விண்ணப்பத்தை ஒருமுறை பொறுமையாகப் படித்தால் அதுவே பேருதவி.

இத் தேவை இனிப் பெருகும். 2022இல் தொடங்கிய அக்னிவீர் முறையில் சேர்பவர்களுள் நான்கில் ஒரு பங்கினர்வரையே நிலைத்த பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர். ஏனையோர் 4 ஆண்டுகளில் வெளியே வருவர். ஓய்வூதியம் இன்றி வரும் அவ் விளைஞர்களுக்கு நாம் என்ன விடை வைத்திருக்கின்றோம்?

நாடோடியாய் வந்த நம்மை இந் நகரம் ஏற்று வாழ்வளித்தது. நம்முள் ஒருவர் நாட்டுக்கு உழைத்துத் திரும்பி வரும்போது, “நீர் என்ன தொழில் அறிவீர்?” என்று உட்காரவைத்துக் கேட்க நமக்கு அரைமணி நேரம் இல்லையா? கேட்போம், கேட்டதை உரியவர்க்கு விளங்கச் சொல்வோம். அதனை இவ் வாண்டே தொடங்குவோம் என்று கேட்டுக்கொள்கின்றோம்.

வாழ்க தமிழ்!