வழியும் வரிசையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பற்றியும் இசை பற்றியும் பேசுவதற்கு அறிஞர் பலர் வருவதுண்டு. இவ்வாண்டு, மருந்து வண்டிகளுக்கு வழி எழுதிக் கொடுத்த குமாஸ்தா ஒருவனை அழைத்து நிறுத்தியிருக்கிறீர்கள். "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள்" என்று செயலாளர் சொன்னார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இந்த டில்லி மாநகரத்தில் ஒரு பெட்டியை உரிய வேளையில் உரிய வாயிலில் சேர்ப்பது எவ்வாறு என்பதே அது. அதனையும் முழுதும் அறிந்தவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஏன் என்பது பேச்சின் இடையிலே விளங்கும்.

1983ஆம் ஆண்டில் நான் சாந்தினி சௌக்கை அடுத்த பாகீரத் பேலஸ் மருந்துச் சந்தையில், மொத்த வியாபாரி ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். எங்களிடம் மூன்று வண்டிகள் இருந்தன. ஒவ்வொன்றும் நாள்தோறும் ஏறக்குறைய இருபது கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் செல்ல வேண்டும். சுவரிலே டில்லிப் படம் ஒன்று மாட்டியிருந்தது. கடைகள் இருக்குமிடத்தில் குண்டூசிகள். எங்கள் கிடங்கு இருக்குமிடத்தில் ஒரு பெரிய ஆணி. காலையில் பட்டியல் வந்ததும், ஆணியிலிருந்து நூலைக் கட்டிக் குண்டூசிகளின் மேல் சுற்றி, மறுபடியும் ஆணியில் கொண்டுவந்து முடிப்பேன். நூல் குறுகினால் டீசல் குறையும். இதுவே எனக்குக் கற்பித்த கணிதம்.

வழி காண்பது வேறு, வரிசை காண்பது வேறு என்பதனை முதலிற் சொல்லிவிட வேண்டும். கரோல் பாகிலிருந்து ராமகிருஷ்ணபுரத்திற்கு எந்தச் சாலை அருகில் என்று கேட்பது வழிக் கேள்வி. இருபது இடங்களில் எதற்கு முதலில் போவது, எதற்குப் பிறகு போவது என்பது வரிசைக் கேள்வி. முன்னது எளிது. பின்னது பொல்லாதது. பத்து இடங்களை 36,28,800 வகையாக வரிசைப்படுத்தலாம். இருபது இடங்கள் என்றாலோ, நொடிக்குப் பத்து லட்சம் வரிசைகளைச் சோதிக்கும் இயந்திரமும் அனைத்தையும் சோதித்து முடிக்கச் சுமார் 77 ஆயிரம் ஆண்டுகள் ஆகும். காலை ஒன்பதரை மணிக்கு வண்டி புறப்பட வேண்டிய நிலையில் அத்தனை காலம் யாரிடம் இருக்கிறது?

ஆகவே கணித வல்லுநர்களும் என்னைப் போன்ற குமாஸ்தாக்களும், மிகச் சிறந்த வரிசையை விட்டுவிட்டு, போதுமான அளவு நல்ல வரிசையைத் தேடினார்கள். 1959இல் டான்ட்சிக், ராம்சர் என்னும் இருவர், பெட்ரோல் கிடங்கிலிருந்து நிலையங்களுக்கு லாரிகளை அனுப்பும் முறையைக் கணக்காக எழுதினார்கள். 1964இல் கிளார்க், ரைட் என்போர் அதனினும் எளிய முறை ஒன்றைக் கண்டனர். ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி வண்டி போய்வருவதாக முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்பு எந்த இரு கடைகளை ஒரே பயணத்தில் சேர்த்தால் அதிக தூரம் மிச்சமாகும் என்று பார்த்து, மிச்சம் மிகுதியாக உள்ளவற்றை முதலிற் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். கிடங்குக்கு வெகு தொலைவிலும், தமக்குள் மிக அருகிலும் உள்ள கடைகளே இம்முறையில் முதலில் இணையும். இதனை நான் புத்தகத்தில் படித்தது ஓய்வு பெற்ற பிறகுதான். படித்தபோது, "அட, இது நம்முடைய நூல் அல்லவா!" என்று வாய்விட்டுச் சொன்னேன். என் மனைவியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

நிற்க. சுவர்ப் படத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறேன் என்று எண்ணாதீர்கள். தாளில் அச்சான படம் ஒருமுறை அச்சாகிவிட்டால் அதோடு சரி; ஊர் அவ்வாறு நிற்பதில்லை. பப்பன்கலான் என்று முன்பு வழங்கிய துவாரகா, வயல் வெளியிலிருந்து நகரமாக எழுந்துகொண்டிருந்த காலம் அது. 1998ஆம் ஆண்டு எங்கள் படத்தில் அங்கே அகலமான சாலை ஒன்று வரையப்பட்டிருந்தது. அருகே மிகச் சிறிய எழுத்தில், அச்சாலை இனி அமையவிருப்பது என்று எழுதியிருந்ததை நான் கவனிக்கவில்லை. வண்டி கடுகு வயலின் வரப்பில் போய் நின்றது. அன்று மாலை ஓட்டுநர் என் மேசை மீது கடுகுச் செடி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். பேசவில்லை. அதைவிடக் கடுமையாகத் திட்டியிருக்க முடியாது.

படம் எவ்வளவு உழைப்பில் விளைந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இந்நாட்டை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த பெரும் பணியை லாம்டன் 1802இல் தொடங்கியது நம் சென்னைப் பரங்கிமலை அருகேதான். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மீது ஏற்றும்போது அவருடைய பெருங்கருவி அடிபட்டுச் சேதமடைந்தது. அவர் கூடாரத்துள் அமர்ந்து அதனைப் பல வாரங்கள் செப்பனிட்டார். சுவரில் மாட்டிய படத்தின் ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னும் இத்தகைய பொறுமை உண்டு. ஆனால் வண்டி ஓட்டுபவருக்கு வேண்டியது அந்தப் பொறுமை மட்டுமன்று. இன்று காலையில் எந்தச் சாலை அடைபட்டது என்னும் செய்தியும் வேண்டும்.

அச்செய்தியைத் தருவதாகச் சொல்லிக்கொண்டுதான் கைப்பேசி வந்தது. அமெரிக்காவின் ஜி.பி.எஸ். ஏற்பாடு 1995இல் முழுமை பெற்றது. பொதுமக்களுக்குக் கிடைக்கும் அளவையில் வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கினார்கள். நம் நாடும் தனக்கென ஓர் ஏற்பாட்டிற்கு 2013இல் முதற் கோளை ஏவியது. அதற்கு நாவிக் என்று பெயர். ஜி.பி.எஸ். கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. நான்கு கோள்களின் ஒலிபரப்பைக் கேட்டு, அது வந்து சேர்ந்த நேரத்தைக் கொண்டு, கைப்பேசி தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. நேரத்தில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் இடம் 300 மீட்டர் பிழைக்கும். வியக்கத்தக்க சாதனைதான்.

எனினும் ஓர் உண்மையைப் பலரும் அறிவதில்லை. வானத்துக் கோள் வழி சொல்வதே இல்லை. இருப்பிடத்தைக் கணக்கிட உதவுவதற்கு மேல் அது ஒன்றும் செய்வதில்லை. வழியைச் சொல்வது, கைப்பேசிக்குள் வரும் படம். அப்படத்தையும் எங்கோ ஒருவர் வரைந்திருக்கிறார். நெரிசலைச் சொல்வது, அதே சாலையில் நம்மைப்போல் நின்றுகொண்டிருக்கும் பிறருடைய கைப்பேசிகள். மேம்பாலத்தின் மேலே போகிறோமா, கீழே போகிறோமா என்பதில் அதற்குப் பல வேளைகளில் மயக்கம் உண்டாகிறது. உயர்ந்த கட்டிடங்களுக்கு இடைப்பட்ட சந்துகளில் ஒலிபரப்பு சுவரில் மோதித் திரும்பி வருவதால் பக்கத்துத் தெருவைக் காட்டுவதும் உண்டு. வான்வழி வந்த செய்தியாயிற்றே என்று எவரும் சந்தேகிப்பதில்லை. அச்சடித்த படத்தையாவது சந்தேகிக்கக் கற்றிருந்தோம்.

இனி, நான் முழுதும் அறிந்தவன் அல்லேன் என்று சொன்னதற்குரிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். செவ்வாய்க்கிழமை. பழைய ஓட்டுநர் மருத்துவமனையில் இருந்ததால், இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனைப் புதிதாக வைத்திருந்தார்கள். பீகாரிலிருந்து வந்தவன், என்னைப் போலவே பிழைப்புக்காக வந்தவன். வண்டியில் இன்சுலின் பெட்டி இருந்தது. இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வெப்பத்திற்குள் காக்க வேண்டும். சூடு பட்டாலும் கெடும், உறைந்தாலும் கெடும். வரிசையை நான் எழுதினேன். கிழக்கு டில்லியில் ஒரு நர்சிங் ஹோமுக்கு மாலை ஐந்து மணிக்குள் அது போய்ச் சேர வேண்டும். வழியைக் கைப்பேசி சொன்னது. மிகக் குறுகிய வழியாகத்தான் சொன்னது. அதில் பொய் இல்லை. ஆனால் அந்தத் தெருவில் செவ்வாய்தோறும் மங்கள் பஜார் கூடும். நான்கு மணிக்குக் கட்டில்களையும் காய்கறிக் கூடைகளையும் பரப்பிவிடுவார்கள். பையன் தெருவுக்குள் நுழைந்த பிறகு முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. மழை வேறு. இரண்டரை மணி நேரம் கழித்து அவன் சென்று சேர்ந்தபோது, பெட்டியின் உள்ளே இருந்த வெப்பமானி 19 டிகிரி காட்டியது. அவர்கள் வாங்க மறுத்தார்கள். மறுத்தது நியாயமே.

பெட்டியின் விலையை அவனுடைய சம்பளத்தில் பிடித்தார்கள். மறு மாதம் அவனை நிறுத்தியும் விட்டார்கள்.

செவ்வாய்ச் சந்தை எங்கே கூடும், புதன் சந்தை எங்கே கூடும் என்பது முப்பத்தைந்து ஆண்டுகளாக எனக்குத் தெரியும். பழைய ஓட்டுநருக்கும் தெரியும். ஆகையினாலேயே நாங்கள் அதனைத் தாளில் எழுதியதில்லை. அன்று காலையில் பையன் கைப்பேசியைக் காட்டி, "இதில் எல்லாம் இருக்கிறது, பாபுஜி" என்றான். எனக்கும் வேலை மிச்சம் என்று தலையசைத்தேன். முதலாளி விசாரித்தபோது, வழியைச் சொல்ல வேண்டியவன் நான் என்பதைச் சொல்ல என் வாய் திறக்கவில்லை. ஓய்வு பெற மூன்று ஆண்டுகள் இருந்தன. இவ்வவையில்தான் முதன்முறையாக இதனைச் சொல்லுகிறேன்.

அதன் பின்னரே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். பழைய ஓட்டுநரை உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எந்தக் கிழமையில் எந்தத் தெருவில் சந்தை. மழை பெய்தால் மின்டோ பாலத்தின் கீழ் தண்ணீர் நிற்பது. குடியரசு நாள் ஒத்திகையின்போது எந்தச் சாலைகள் எத்தனை மணி வரை மூடப்படும். எந்த மருத்துவமனையில் சரக்கு வாயில் பின்புறம் உள்ளது. எந்தக் காலனியில் இரவு பத்து மணிக்குப் பிறகு ஒரே ஒரு கேட் மட்டும் திறந்திருக்கும். அறுபது பக்கங்கள் வந்தன. காலையில் அந்நோட்டைப் பார்த்து வரிசையை எழுதுவோம். ஓட்டுநர் சாலையில் இறங்கிய பின்பு, இரண்டு இடங்களுக்கு நடுவே வழி காண மட்டும் கைப்பேசியைக் கேட்பார். தாளுக்கு உரியதைத் தாளுக்கும், கருவிக்கு உரியதைக் கருவிக்கும் விட்டோம். 2021இல் சாந்தினி சௌக் பெருவீதியில் பகற்பொழுது முழுவதும் மோட்டார் வண்டிகளைத் தடுத்தபோது, எங்கள் வரிசைகள் யாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. நோட்டில் நான்கு பக்கங்களை அடித்துத் திருத்தினோம், அவ்வளவே. அது நான் ஓய்வு பெற்ற ஆண்டு.

தாள் படமா, கருவியா என்று இளைஞர்கள் என்னிடம் வாதிடுவதுண்டு. ஒன்று மட்டும் சொல்வேன். தாளைப் பார்த்து ஓட்டியவர் சில மாதங்களில் ஊரைக் கற்றுக்கொண்டார். லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதுகிறார்கள். அவர்களுடைய மூளையில் இடநினைவுக்கு உரிய பகுதியின் பின்புறம் பிறரைவிடப் பெரிதாக இருப்பதாக, மகுவயர் என்னும் அம்மையாரும் அவருடன் உழைத்தோரும் 2000ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். கருவியின் குரலைக் கேட்டு ஓட்டுபவர் அவ்வாறு கற்பதில்லை. ஆனால் இன்று வேலைக்கு வரும் பையனுக்குக் கற்பதற்குச் சில மாதங்கள் யார் கொடுக்கிறார்கள்? முதல் நாளே நாற்பது பொட்டலங்களைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அவனிடம் தாளைக் கொடுத்துவிட்டு, எங்கள் காலத்தைப் போல் வருமா என்று பேசுவது கொடுமை. 2020–21இல் இவ்வகைச் செயலித் தொழிலில் 77 லட்சம் பேர் இருந்ததாக நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. 2029–30இல் அது 2.35 கோடி ஆகலாம் என்றும் சொல்கிறது. அத்தனை பேரும் நம்மைப் போன்றோரின் வாயிலுக்குத்தான் வருகிறார்கள்.

நம் வாயிலைச் சற்றுப் பாருங்கள். நம் காலனியில் நான்கு பாக்கெட்டுகள். முதலாவதற்கு அடுத்து மூன்றாவது. இரண்டாவதோ பூங்காவுக்கு அப்பால். கைப்பேசி எல்லோரையும் வடக்குக் கேட்டுக்குத்தான் கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்தக் கேட்டோ மூன்றாண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது! பையன் பூட்டைப் பார்த்துவிட்டு ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றி வருகிறான். நாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தொலைபேசியில் அவனைக் கடிந்துகொள்கிறோம். அஞ்சல் துறை 1972 ஆகஸ்டு 15இல் பின்கோடு தந்தது. அதன் கடைசி மூன்று இலக்கங்கள் அஞ்சலகம் வரை கொண்டுவந்து விடும். 2025இல் அதே துறை டிஜிபின் என்று பத்து எழுத்து கொண்ட குறியீடு தந்திருக்கிறது. நாடு முழுவதையும் ஏறக்குறைய நான்கு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி. நன்று. ஆனால் அச்சதுரத்திற்குள் போகும் கேட் பூட்டியிருக்கிறதா என்பதை எந்தக் குறியும் சொல்லாது.

ஆதலால் சென்ற வாரம் நானும், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பேத்தியும் காலனியைக் காலால் நடந்து ஒரு படம் வரைந்தோம். பாக்கெட்டுகள், மாடிப்படி எண்கள், எந்த கேட் எப்போது திறந்திருக்கும் என்பது, தண்ணீர்க் குழாய் உள்ள இடம், வண்டி நிறுத்தக்கூடிய நிழல் ஆகிய யாவும் அதில் உள்ளன. இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறோம். வருபவர்கள் படிக்க வேண்டுமல்லவா? திறந்துள்ள கேட் எது என்பதைக் கைப்பேசிப் படத்திலும் திருத்துமாறு பேத்தி எழுதி அனுப்பிவிட்டாள். அது எவ்வாறு என்று எனக்குத் தெரியாது, அவளைக் கேளுங்கள். தெற்குக் கேட்டில் பலகையாக மாட்டுவதற்குச் செயற்குழு அனுமதி தந்திருக்கிறது. பெயிண்டர் வியாழக்கிழமை வருகிறார். அதற்கு முன் தாள் படம் சங்க நூலகத்து மேசையில், ஒரு பென்சிலோடு வைக்கப்பட்டிருக்கும். உங்கள் மாடிப்படி எண் தவறாக இருந்தால் அடித்துத் திருத்துங்கள். மூன்றாம் பாக்கெட்டின் பின்வரிசையில் எனக்கே ஐயம் இருக்கிறது.