விழுங்கிய காற்று



காற்றின்றி உயிர் வாழ இயலாது என்று சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறீர்கள். அந்தக் காற்றே, செல்ல வேண்டிய வழியை விட்டு வேறு வழியிற் சென்றால் என்ன தொல்லை விளையும் என்பதை இன்று சொல்ல விழைகிறேன். இது நான் ஏட்டிற் படித்தது மட்டுமன்று. என் வயிற்றில் பட்டறிந்ததும் ஆகும்.

தாத்தாவின் குறட்டையைக் கேட்டுச் சிரிக்காத பேரப் பிள்ளைகள் உண்டோ? ஆனால் அந்தக் குறட்டை திடீரென்று நின்று, சில விநாடிகள் ஓசையே இன்றி இருந்து, பின்னர்ப் பெருந் திணறலோடு மீண்டும் தொடங்குமானால், அது நகைப்புக்குரியதன்று. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அத்தளர்ச்சி மிகுதியாகி, மூச்சு செல்லும் வழியே அடைபட்டு விடுகிறது. 10 விநாடியாவது மூச்சு நின்றாலோ, பெரிதும் குறைந்தாலோ மருத்துவர்கள் அதனை ஒரு தடையாகக் கணக்கிடுகின்றனர். மணிக்கு 30 அல்லது அதற்கு மேற்பட்ட தடைகள் இருப்பின் நோய் கடுமையானது என்பர். எனக்கு 38 இருந்தன.

இந்நோய்க்கு ஒரு நல்ல வழியை 1980ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்னும் மருத்துவ அறிஞர் கண்டார். மூக்கின் மேல் ஒரு மூடியைப் பொருத்தி, இடைவிடாது சற்று அழுத்தமான காற்றைச் செலுத்தினால், தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் திறந்தே இருக்கும் என்று காட்டினார். ஐந்து நோயாளிகளிடம் கண்ட பயனை 1981இல் வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்ததே இன்று ‘சிபாப்’ என்று வழங்கும் பொறி.

அந்த அழுத்தம் எவ்வளவு? வீட்டிலேயே அறியலாம். ஓர் உயரமான தம்ளரில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். உறிஞ்சு குழலின் முனை ஏறக்குறைய அடியைத் தொடுமாறு வைத்து மெல்ல ஊதுங்கள். முதற் குமிழி வெளிப்படும்போது உங்கள் வாயில் உள்ள அழுத்தம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீரழுத்தம். இப்பொறிகள் பெரும்பாலும் 4 முதல் 20 வரை தருவன. எனக்கு வைத்தது 12.

இனி, தொல்லை எங்கே பிறக்கிறது என்று காண்போம். தொண்டையின் அடியில் இரு குழல்கள் உள்ளன. முன்னாலுள்ள மூச்சுக்குழல் குருத்தெலும்பு வளையங்களால் எப்போதும் திறந்திருப்பது. பின்னாலுள்ள உணவுக்குழலோ, பாட்டியின் சுருக்குப்பை போன்றது. அதன் மேல் முனையையும் கீழ் முனையையும் தசை வளையங்கள் இறுக்கி மூடியிருக்கும். உள்ளே வரும் காற்றின் அழுத்தம் அவ்விறுக்கத்தை வென்று விட்டாலும், உறக்கத்தில் நாம் காற்றைச் சேர்த்து விழுங்கினாலும், அது இரைப்பையிற் புகுந்துவிடும். விடிந்தால் ஏப்பம், வயிற்று உப்பிசம், வாயுப் பிரிதல், சிலருக்கு வலி.

எனக்கும் அப்படியே ஆயிற்று. காலையில் வயிறு மத்தளம் போல் இருந்தது. பத்து நாள் பொறுத்தேன். பிறகு யாரையும் கேளாமல் பொறியைப் பையிலிட்டு அலமாரியின் மேல் ஏற்றிவிட்டேன். வயிறு அடங்கியது, குறட்டை திரும்பியது. என் மனைவியார் என் மூச்சைக் கேட்டுக்கொண்டு விழித்திருக்கத் தொடங்கினார். ஒருநாள் மாலை, அண்டை வீட்டுச் சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன், பாதிக் கணக்கில் உறங்கிவிட்டேன். கண் விழித்தபோது, ஒரு சிறுவன் ஓசைப்படாமல் கரும்பலகையில் எஞ்சிய பகுதியை முடித்து வைத்திருந்தான். விடை சரியாகவே இருந்தது. வெட்கத்தால் என் தலை தாழ்ந்தது.

செய்தியறிந்த என் பேத்தி கல்லூரியில் உயிரியல் பயில்பவள். “தாத்தா, எந்தெந்த நாளில் உப்பிசம் மிகுந்தது, எந்தெந்த நாளில் குறைந்தது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டாள். ஆய்வுக்கூடத்தில் கண்டதை உடனே எழுதுங்கள் என்று முப்பது ஆண்டுகள் மாணவரிடம் வற்புறுத்திய நான், ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை!

அன்றிரவே பொறியைக் கீழே இறக்கினேன். ஒரு குறிப்பேடும் திறந்தேன். இரவு உண்ட நேரம், படுத்த நிலை, மூக்கடைப்பு, காலையில் வாய் உலர்ந்திருந்ததா, வயிறு எப்படி என இரண்டு வாரம் எழுதினேன். ஏடு பேசலாயிற்று. இரவு ஒன்பது மணிக்கு மேல் வயிறு நிறைய உண்ட நாட்களிலும், மல்லாந்து படுத்த நாட்களிலும், மூக்கு அடைத்த நாட்களிலும் தொல்லை மிகுந்திருந்தது.

ஏட்டோடு மருத்துவரிடம் சென்றேன். அவர் பொறி பதிந்து வைத்திருந்த கணக்கையும் பார்த்து, வாய் வழியே காற்றுக் கசிவதைக் கண்டார். மூக்கடைப்புக்கு மருந்தளித்தார், காற்றை ஈரப்படுத்தும் பகுதியை இயக்கச் சொன்னார், முகத்துக்கேற்ற வேறு மூடி தந்தார். இரவு முழுதும் 12 என்றிராமல், தேவைப்படும்போது மட்டும் உயருமாறும், மூச்சை வெளிவிடும்போது சற்றுத் தணியுமாறும் பொறியைத் திருத்தினார். நான் உணவை ஏழரை மணிக்கே முடித்தேன், சோடாவை விட்டேன், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு மரக்கட்டை வைத்து உயர்த்தினேன், ஒருக்களித்துப் படுக்கப் பழகினேன். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்சரிந்து, வழியைத் திறக்க மிகுந்த அழுத்தம் வேண்டியிருக்கும் என்பது காரணம். எதுக்களிப்பு உடையவர்க்குக் கீழ்த் தசை வளையம் தளர்ந்திருக்கக் கூடுமாதலால், அவர்கள் அதற்கும் மருத்துவம் பெறுதல் வேண்டும்.

தொல்லை முற்றும் ஒழிந்தது என்று சொல்லமாட்டேன். இன்றும் காலையில் சில ஏப்பங்கள் வருவதுண்டு. ஆனால் பொறி என் தலைமாட்டில் இருக்கிறது; என் மனைவியார் உறங்குகிறார்.

இரண்டு எச்சரிக்கைகள் கூறுவேன். அழுத்தத்தைத் தாமாகவே மாற்றுதல் கூடாது. காற்றின் அளவைக் குறைக்கப் போய் மூச்சுத்தடையை வரவழைத்துக்கொள்ள நேரும். கடும் வயிற்று வலி, வாந்தி, நெஞ்சு வலி தோன்றினால் வாயு என்று எண்ணி வாளாவிருக்கலாகாது; உடனே மருத்துவரை நாட வேண்டும்.

மாணவச் செல்வங்களே, நல்ல மருந்து ஒன்று சிறு துன்பம் தரும்போது, மருந்தையே எறிந்துவிட மனம் தூண்டும். படிப்பிலும் அப்படித்தான். எறிவதற்கு முன், துன்பம் எப்போது வருகிறது, எதனால் வருகிறது என்று எழுதிப் பாருங்கள். அறிந்தவரிடம் அதைக் காட்டுங்கள். உங்கள் வீட்டில் எவரேனும் இப்பொறியை அலமாரியின் மேல் ஏற்றி வைத்திருந்தால், இன்று மாலை அவர் அருகில் அமர்ந்து, ஏன் என்று அன்போடு கேளுங்கள். கையில் ஒரு குறிப்பேடும் இருக்கட்டும்.