விளையாட்டும் ஒரு படிப்புதான்!

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"மெக்கானிக்கல் படிச்சுட்டு இப்ப என்னப்பா வேலை?" என்று காலையிலிருந்து பலர் கேட்டுவிட்டார்கள். லாரி ஓட்டுநர்களுக்குப் பயிற்சி தரும் சிமுலேட்டருக்கு மென்பொருள் எழுதுகிறேன் என்றேன். "ஓ, வீடியோ கேமா!" என்று சிரித்தார்கள். பாதி உண்மைதான். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன். ஏனென்றால், உங்களில் சிலருக்கு இந்தத் துறையில் ஆசை இருக்கிறது. வீட்டில் சொல்லத்தான் தயக்கம்.

கேமும் சிமுலேஷனும் இரட்டைப் பிள்ளைகள். 1958-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர், பார்வையாளர்களுக்காக ஆஸிலோஸ்கோப் திரையில் ஒரு டென்னிஸ் ஆட்டம் அமைத்தார். எறிபொருள்களின் பாதையைக் கணக்கிடக்கூடிய அனலாக் கம்ப்யூட்டர்தான் பந்தையும் ஓட்டியது. ஜனங்கள் வரிசையில் நின்று ஆடினார்கள்.

1998-ல் ரெட்மண்ட் நகரில் டிஜிபென் கல்லூரி இதற்கென்றே பட்டப்படிப்பு தொடங்கியது. பட்டத்தின் பெயரில் 'கேம்' என்ற சொல்லே கிடையாது; 'ரியல் டைம் இன்டராக்டிவ் சிமுலேஷன்' என்று வைத்தார்கள். அங்கே படித்த மாணவர்கள் 2005-ல் செய்த 'நார்பாகுலர் டிராப்' என்ற புராஜெக்டைப் பார்த்து வால்வ் நிறுவனம் அவர்களை வேலைக்கு எடுத்தது. 2007-ல் வந்த 'போர்ட்டல்' அதன் வளர்ச்சிதான்.

சரி, அப்படி என்னதான் படிக்கிறது? ஸ்பிரிங்கில் ஆடும் ஓர் எடையை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 60 தடவை அதன் இடத்தையும் வேகத்தையும் கணக்கிட வேண்டும். பழைய இடம், பழைய வேகம் இரண்டையும் வைத்தே கணக்குப் போட்டால், ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து, எடை திரையை விட்டே ஓடிப்போகும். முதலில் வேகத்தைப் புதுப்பித்து, அந்தப் புது வேகத்தால் இடத்தை நகர்த்துங்கள், அடங்கி ஆடும். மாற்றியது இரண்டு வரிகளின் வரிசையை மட்டும்தான்! 'எதுக்கு சார் இது?' என்று நீங்கள் கேட்கிற நியூமெரிக்கல் மெத்தட்ஸ் இதுதான்.

நொடிக்கு 600 மீட்டர் போகும் குண்டு, ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவே 10 மீட்டர் தாண்டிவிடும். இடையில் சுவர் இருந்தால் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. குண்டு சுவருக்குள் புகுந்து போய்விடும். இப்படி எங்கெங்கே கணக்கு ஏமாற்றும் என்று கண்டுபிடிப்பதே பாதிப் படிப்பு.

மீதி, எங்கே நாமே ஏமாற்றலாம் என்று தெரிந்துகொள்வது. 1985-ல் வந்த 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தில் மேரியோ அந்தரத்திலேயே திசை திரும்புவார். நியூட்டன் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆடுகிறவருக்கோ அதுதான் சுகம். ஆனால் என் லாரியில் அந்த விளையாட்டு செல்லாது. வேகம் 40 கிலோமீட்டரிலிருந்து 80 ஆனால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு. இதை நான் திரையில் குறைத்துக் காட்டினால், ஓட்டுநர் அதையே நம்பி ரோட்டுக்குப் போவார். அங்கே 'ரீஸ்டார்ட்' பொத்தான் கிடையாது.

ஆகவே தம்பி தங்கைகளே, எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் பாடத்திட்டத்தை முதலில் வாங்கிப் பாருங்கள். கணிதம், இயற்பியல், புரோகிராமிங் இருக்கிறதா? இல்லை, ஏதோ ஒரு சாஃப்ட்வேரில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று மட்டும் சொல்லித் தருகிறார்களா? இரண்டாவது என்றால், கட்டணம் எவ்வளவானாலும் அதிகம்தான். அந்த சாஃப்ட்வேர் மாறிவிடும். நியூட்டன் மாற மாட்டார். நம் கல்லூரியின் எந்தப் பிரிவிலிருந்தும் இந்தத் துறைக்கு வழி உண்டு. சின்னதாக ஒரு கேமை முழுசாக முடியுங்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் ஆடக் கொடுத்து, வாய் திறக்காமல் பின்னால் நின்று பாருங்கள். எந்த இடத்தில் விழிக்கிறாரோ, அங்கேதான் உங்கள் அடுத்த பாடம்.

வீட்டில் அப்பா, "விளையாட்டுப் புத்தியை விடு" என்றால் கோபப்படாதீர்கள். அவரையே உட்காரவைத்து ஒரு ஆட்டம் ஆடச் சொல்லுங்கள். பிறகு அதன் கணக்கை விளக்குங்கள். விளக்க முடிந்தால் நீங்கள் இந்தப் படிப்புக்குத் தயார் என்று அர்த்தம்.