ஆசைக்கு ஓட்டுற சைக்கிள்

(ஆண்டு விழாவில் பேசியது)



கடன் வாங்கினோம், தொழில் செய்தோம், முன்னேறினோம் என்று சொல்லுற மேடை இது. நான் பேசப்போவது ஒரு காசு வராத காரியத்தைப் பற்றி. எனக்கு வயசு 48. தையல் தொழில். ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் 40, 50 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறேன். பந்தயம் கிடையாது, பரிசு கிடையாது. பிடிச்சிருக்கு, ஓட்டுகிறேன்.

நம்ம புதுக்கோட்டைப் பெண்ணுக்கு சைக்கிள் புதுசு இல்லை. 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டராக இருந்தார். எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஆம்பளை சைக்கிளிலேயே ஓட்டினார்கள். முன் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. மாவட்டத்தில் ஒரு லட்சம் பெண்களுக்கு மேல் ஓட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். நானும் அப்போது வாடகை சைக்கிளில் பழகியவள்தான். முதலில் கேலி பேசிய ஊர், தண்ணிக் குடத்தோடு போவதைப் பார்த்ததும் ஒத்துக்கொண்டது. வேலைக்கு ஓட்டினால் ஊருக்குச் சம்மதம். ஆசைக்கு ஓட்டினால்தான் இன்னைக்கும் ஒரு மாதிரி பார்க்குது.

மூணு வருஷத்துக்கு முன்னால், கியர் வைத்த சைக்கிள் வாங்க எங்கள் குழுவில் 12,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். ஒரு அக்கா கேட்டார், "ஆடு வாங்கினா குட்டி போடும். சைக்கிள் என்னடி போடும்?" எல்லோரும் சிரித்தார்கள். அப்போது குழுவில் மூத்தவர் சொன்னார், "போன வருஷம் காதுகுத்துக்குக் கொடுத்தோமே, அது என்ன போட்டுச்சு?" சிரிப்பு அடங்கிப்போச்சு. ஊக்குநர், "தொழில் மேம்பாடுன்னு எழுதிக்கவா?" என்றார். வேண்டாம் என்றேன். தீர்மான நோட்டில் "சைக்கிள் வாங்க, சொந்த விருப்பத்துக்கு" என்றே எழுதினோம். அந்த வரியை இப்போதும் எடுத்துப் பார்ப்பேன்.

எங்கள் பக்கம் மலை ஏற்றம் அதிகம் இல்லை. எங்களுக்கு ஏற்றம் என்றால் காற்றுதான். ஆடி மாசம் திருமயம் ரோட்டில் போய்ப் பாருங்கள். எதிர்க்காற்றில் 20 கிலோமீட்டர், 40 மாதிரி இருக்கும். பல்லைக் கடித்து மிதித்தால் முட்டி போய்விடும். கியரை இலேசாக்கி, மெதுவாக, நிறுத்தாமல் மிதிக்கணும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். அந்தச் சுகத்தை வார்த்தையில் சொல்ல வராது.

கஷ்டமும் நிறைய. சீமைக் கருவேல முள் டயரை விடாது. பஞ்சர் ஒட்ட நானே பழகிவிட்டேன். பைக்கில் கூடவே வந்து பேச்சுக் கொடுப்பவர்கள் உண்டு. நான் பதில் பேசுவதில்லை, ஆள் இருக்கிற டீக்கடையில் நிறுத்திவிடுவேன். எல்லாவற்றையும் விடப் பெரிய கஷ்டம், ஒதுங்க இடம் இல்லாதது. அதற்குப் பயந்து தண்ணி குடிக்காமல் போகாதீர்கள், மயக்கம் வரும். எந்த பெட்ரோல் பங்கில் கழிப்பறை திறந்திருக்கும் என்று தெரிந்துகொண்டுதான் நான் வழியையே முடிவு செய்வேன்.

போன வருஷம் ஒரு சின்னப் பாலத்துக்கிட்ட ஆடு குறுக்கே வந்து விழுந்தேன். ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது. இடது கையில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. தையல் மிஷின் ஓடவில்லை, வருமானம் இல்லை, வேறொரு கடன் தவணை பாக்கி. வீட்டில் "சைக்கிளை வித்துடு" என்றார்கள். குழுவில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ரெண்டு மாசம் வட்டி மட்டும் கட்டட்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஆடு பற்றிக் கேட்ட அதே அக்கா தினமும் ஒரு வேளை குழம்பு கொடுத்து அனுப்பினார். கட்டுப் பிரித்த பிறகும் பயம் போகவில்லை. அந்தப் பாலத்தைத் தாண்ட எனக்கு மூணு ஞாயிறு ஆச்சு. முதல் வாரம் பாலம் தெரிகிற தூரம், அடுத்த வாரம் பாலம் வரைக்கும், மூணாவது வாரம் அந்தப் பக்கம்.

இந்தத் தை மாசம் திருச்சி போய்த் திரும்பினேன். சுமார் 110 கிலோமீட்டர். விடியக்காலை நாலரைக்குக் கிளம்பி, மதியம் ரெண்டு மணிக்கு வீடு வந்தேன். கையில் நாலு வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணி. கீரனூர் தாண்டும்போது கால் கெஞ்சியது. ஆனால் அந்த ஒன்பதரை மணி நேரமும் என் பேரில் இருந்த நேரம். யாருக்கும் சமைக்காத, யாருக்கும் தைக்காத நேரம்.

ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு மூணு விஷயம். பெடல் கீழே போகும்போது முட்டி கொஞ்சம் மட்டும் மடங்குகிற மாதிரி சீட்டை உயர்த்துங்கள், மூட்டு வலி குறையும். கிளம்பும் முன் காற்றையும் பிரேக்கையும் பாருங்கள். இருட்டில் முன்னும் பின்னும் விளக்கு இல்லாமல் ரோட்டில் ஏறாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் குழுவில் ஒருத்தி, பாட்டுக் கற்றுக்கொள்ளவோ, ஊர் பார்க்கவோ, சைக்கிள் வாங்கவோ கடன் கேட்டால் சிரிக்காதீர்கள். திருப்பிக் கட்ட முடியுமா என்று மட்டும் கேளுங்கள். சேமித்தது நாம், நம் ஆசைக்கும் அதில் ஒரு பங்கு இருக்கட்டும்.