விளையாட்டு நிர்வாகமும் மாணவரும்

கொழும்பு மாநகரின் பொரளைப் பகுதியில், வனாத்தமுல்லையில், பி. சரவணமுத்து விளையாட்டரங்கு அமைந்திருக்கிறது. முன்னாளில் அதற்குக் கொழும்பு ஓவல் என்று பெயர். தமிழ் யூனியன் கிரிக்கெட், மெய்வல்லுநர் கழகத்தின் இல்லம் அது. இலங்கை தன் முதலாவது டெஸ்ட் போட்டியை 1982ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 17ஆந் திகதி ஆடத் தொடங்கியது அந்த மைதானத்திலேதான். 1985 செப்டெம்பரில் இந்திய அணியை 149 ஓட்டங்களால் வென்று தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அங்கேதான். இந்தச் செய்திகள் பள்ளி மாணவர் பலருக்கு மனப்பாடம். அன்று அணிக்குத் தலைமை தாங்கியவர் துலீப் மெண்டிஸ் என்பதையும், விக்கெட்டுகளைச் சரித்தவர் றுமேஷ் ரத்நாயக்க என்பதையும் கேட்ட மாத்திரத்தில் சொல்வர். ஆனால், அந்த அரங்குக்குப் பெயர் தந்த சரவணமுத்து யார் என்று கேட்டால், பெரும்பாலோர் மௌனமாகிவிடுவர்.

பாக்கியசோதி சரவணமுத்து அரசாங்க சேவையில் உயர் பதவி வகித்தவர். இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் முதலாவது தலைவர். 1899இல் தோன்றிய தமிழ் யூனியன் கழகம் முதலில் பொரளை கெம்பல் பூங்காவில் ஆடி வந்தது. 1940இல் அது வனாத்தமுல்லையில் தனக்கென ஒரு மைதானம் கண்டபோது, அந்த முயற்சிக்கு முதுகெலும்பாக நின்றவர் அவர். பின்னர் 1977இல் அவர் பெயரே அரங்குக்குச் சூட்டப்பட்டது. துடுப்பெடுத்துப் புகழ் பெற்றவர்களின் பெயர்கள் ஆயிரம் இருக்க, இடம் தேடி, பணம் திரட்டி, ஆட்களைச் சேர்த்து, ஒரு மைதானத்தை உருவாக்கிய ஒருவரின் பெயர் அங்கே நிலைத்துவிட்டது. விளையாட்டு நிர்வாகம் என்பது யாது என்று உயர்தர வகுப்பு மாணவருக்கு விளக்கப் புகுவோர், இந்தப் பெயரிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

ஒரு பள்ளியில் ஆயிரம் மாணவர் படித்தால், முதல் அணியில் இடம் பெறுவோர் பதினொருவர். மற்றையோர் வேலிக்கு வெளியே நின்று கைதட்டுகிறார்கள். அவர்களுள் கணக்கில் வல்லவன் ஒருவன் இருப்பான். பேச்சில் வல்லவள் ஒருத்தி இருப்பாள். யாருக்கு எப்போது தாகம் எடுக்கும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் இயல்புள்ள இன்னொருவன் இருப்பான். இவர்களுக்கும் விளையாட்டில் இடம் உண்டு என்று எவரும் அவர்களிடம் சொல்வதில்லை. இவர்கள் இல்லாவிட்டால் ஆடுகின்ற பதினொருவரும் ஆட முடியாது என்பதையும் எவரும் சொல்வதில்லை.

இதற்குச் சான்று அதே ஓவல் மைதானத்திலேயே இருக்கிறது. 1948ஆம் ஆண்டு மார்ச் மாதம், டொனால்ட் பிரட்மன் தலைமையில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய அவுஸ்திரேலிய அணி, வழியிலே கொழும்பில் இறங்கி ஒருநாள் ஆட்டம் ஒன்றை ஆடியது. இலங்கை அணிக்குத் தலைவர் மகாதேவன் சதாசிவம். உலகம் போற்றிய வீரரைக் காண ஊரே திரண்டது. ஆட்டத்தின்போது ஆடுகளத்தின் நீளத்தில் ஏதோ குறை இருப்பதாக ஐயம் எழுந்தது. அளந்து பார்த்தால், 22 யார் இருக்க வேண்டிய களம் 20 யார்தான் இருந்தது! பந்து வீசுவோரும் அடிப்போரும் தங்கள் கடமையைச் செவ்வனே செய்தனர். குறை ஓர் அளவு நாடாவில் இருந்தது. காலையில் ஒருவர் அதை விரித்துப் பார்த்திருந்தால், ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கக்கூடிய காரியம் அது. இன்று அக்கதையைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். ஆயினும், உலகின் தலைசிறந்த அணி வந்து நிற்கும் நாளிலும் அடிப்படை வேலை ஒன்று எவர் பொறுப்பும் இல்லாமல் விடுபட்டுப் போகலாம் என்ற உண்மை சிரிப்புக்குரியதன்று.

எந்த வேலையை எவரிடம் ஒப்படைப்பது என்பதே நிர்வாகத்தின் முதற் கேள்வி. வள்ளுவர் இதற்கெனத் தெரிந்துவினையாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அரசனுக்குச் சொன்ன அந்த நெறி, ஒரு பள்ளியின் விளையாட்டுக் குழுவுக்கும் பொருந்தும். ஆடுகளத்தை அளப்பவர் ஒருவர், மழை வந்தால் தார்ப்பாய் இழுப்பவர் யார் யார் என்று வகுப்பவர் ஒருவர், மத்தியஸ்தரை அழைத்து வருபவர் ஒருவர், காயம்பட்டவனை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வாகனம் நிறுத்தி வைப்பவர் ஒருவர், ஓட்டக் கணக்கு எழுதுபவர் ஒருவர், பணக் கணக்கு எழுதுபவர் ஒருவர் என்று பெயர் குறித்துப் பொறுப்புக் கொடுக்க வேண்டும். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்ட வேலையை ஒருவரும் பார்ப்பதில்லை.

இரண்டாவது கேள்வி காலமும் இடமும் பற்றியது. எட்டுப் பள்ளிகள் சேர்ந்து ஓர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி நடத்த விரும்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். தோற்ற அணி உடனே வெளியேறும் முறையில் நடத்தினால், மொத்தம் 7 ஆட்டங்களில் போட்டி முடிந்துவிடும். ஆனால், பாதி அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்ப வேண்டியிருக்கும். ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளுடனும் மோத வேண்டும் என்றால் 28 ஆட்டங்கள் வேண்டும். ஒரே மைதானத்தில் சனிக்கிழமை தோறும் இரண்டு ஆட்டம் நடத்தினால் பதினான்கு சனிக்கிழமைகள் கழிந்துவிடும்; தவணையும் முடிந்துவிடும். நான்கு நான்காக இரு பிரிவுகள் ஆக்கினால், பிரிவு ஆட்டங்கள் 12, அரையிறுதி 2, இறுதி 1 என 15 ஆட்டங்கள். எட்டுச் சனிக்கிழமைகளில் முடிக்கலாம். எந்த அணியும் மூன்று ஆட்டத்துக்குக் குறையாமல் ஆடும். மழைக்கென ஒரு வாரத்தை ஒதுக்கவும் இடமிருக்கும். இந்தக் கணக்குக்கு உயர்ந்த கணிதம் ஒன்றும் தேவையில்லை. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு தாளில் போட்டுவிடலாம். ஆனால் அதைப் போடாமல் போட்டியை அறிவிப்பவர்கள், நடுவழியில் நின்று தவிப்பார்கள்.

மூன்றாவது கேள்வி பணம். விளையாட்டைப் பணத்தோடு சேர்த்துப் பேசுவது தகாது என்று கருதிய காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் மார்க் மக்கோர்மக் என்ற சட்டத்தரணி, கோல்ஃப் வீரர் ஆர்னல்ட் பாமரின் ஒப்பந்த அலுவல்களைக் கவனிக்க 1960இல் கைகுலுக்கி உடன்பட்டதிலிருந்து, வீரரின் பெயரே ஒரு சொத்து என்ற எண்ணம் வேரூன்றியது. 1966இல் ஒகையோ பல்கலைக்கழகம் விளையாட்டு நிர்வாகத்துக்கென முதுமாணிப் படிப்பு ஒன்றைத் தொடங்கிற்று. அதன்பின் நிகழ்ந்த இரண்டு ஒலிம்பிக் விழாக்கள், நிர்வாகத்தின் நன்மை தீமைகளை உலகுக்கே காட்டின. 1976இல் விழா நடத்திய மொன்றியல் நகரம், அதற்காகப் பட்ட கடனைத் தீர்த்து முடித்தது 2006ஆம் ஆண்டிலேதான்! 1984இல் விழா நடத்திய லொஸ் ஏஞ்சலிஸ் நகரமோ, 1932ஆம் ஆண்டு விழாவுக்குப் பயன்பட்ட பழைய அரங்கையே மீண்டும் பயன்படுத்தியது. ஒளிபரப்பு உரிமையை நல்ல விலைக்கு விற்றது. இருபது கோடி டொலருக்கு மேல் மிச்சமும் பிடித்தது. இரண்டு நகரங்களிலும் ஓட்டக்காரர் ஓடினர், நீந்துவோர் நீந்தினர். வேறுபாடு ஏட்டிலும் எழுதுகோலிலும் இருந்தது.

பள்ளி அளவிலும் இதே நியதிதான். றோயல் கல்லூரியும் சென் தோமஸ் கல்லூரியும் மோதும் பெரும் போட்டியானாலும், யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் வடக்கின் பெரும் சமரானாலும், நுழைவுச் சீட்டு, நினைவு மலர், மலருக்கு விளம்பரம், கூடாரம், காவல் என்று பல வரவு செலவுகள் அவற்றின் பின்னால் இருக்கின்றன. சிறிய பள்ளி ஒன்று இவர்களைப் பார்த்து ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் முதலில் செலவை எழுத வேண்டும், அதன் பின்பே வரவை எழுத வேண்டும். வரும் என்று நம்புகிற பணத்தை வந்த பணத்தோடு சேர்த்து எழுதக் கூடாது. ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு இருக்க வேண்டும். விழா முடிந்த பதினைந்து நாளுக்குள் கணக்கை அறிவித்தற் பலகையில் ஒட்டிவிட வேண்டும். கணக்கை மறைக்கும் குழு, அடுத்த ஆண்டு ஆதரவாளரின் கதவைத் தட்ட முடியாது.

நான்காவதாக, சட்டமும் விதியும். இலங்கையில் தேசிய விளையாட்டுச் சங்கங்கள் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. ஊக்க மருந்தைத் தடுப்பதற்கு 2013இலும், ஆட்ட நிர்ணயச் சூதைத் தடுப்பதற்கு 2019இலும் தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றோடு அனைத்துலகச் சபைகளின் விதிகளும் உண்டு. இரண்டுக்கும் முரண்பாடு ஏற்பட்டால், அதன் துன்பத்தை அனுபவிப்பவர் யார் என்பதை 2023ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு ஜனவரியில் அனைத்துலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. அத்தடை ஓகஸ்ட் மாதத்திலேதான் நீங்கியது. நவம்பர் 10ஆந் திகதி அனைத்துலகக் கிரிக்கெட் சபையும் இலங்கைக் கிரிக்கெட் நிறுவனத்தை இடைநிறுத்தியது. நிறுவனம் தன் கருமங்களை அரசாங்கத் தலையீடின்றித் தானே நடத்தவில்லை என்று காரணம் கூறப்பட்டது. அத்தடை 2024 ஜனவரி 28ஆந் திகதி நீக்கப்பட்டது. ஆனால் அதற்குள், 2024 ஜனவரியில் இலங்கையில் நடக்கவிருந்த பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணப் போட்டி தென்னாபிரிக்காவுக்கு மாற்றப்பட்டுவிட்டது.

இதன் பொருளை மாணவர் ஊன்றிச் சிந்திக்க வேண்டும். தம் ஊரில், தம் பெற்றோரும் ஆசிரியரும் பார்த்திருக்க, உலக அணிகளோடு மோதும் வாய்ப்பு அந்தப் பிள்ளைகளுக்கு இருந்தது. அந்த வயதில் அது ஒருமுறைதான் வரும். பிள்ளைகள் ஒரு பந்தும் தவறவிடவில்லை. பெரியவர்களின் சபைகளில் ஏற்பட்ட பிணக்குக்கு அவர்களின் வாய்ப்பு விலையாயிற்று. பத்தொன்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒருவனுக்கு நல்ல மேடை கிடைத்தால் என்ன நேரும் என்பதற்கும் ஓவல் மைதானமே சாட்சி. 1982இல் அங்கே ஆடிய முதல் டெஸ்டில் இலங்கைக்காக முதல் அரைச்சதம் அடித்த அர்ஜுன ரணதுங்க அப்போது பதினெட்டு வயது மாணவர். அவரே 1996இல் உலகக் கிண்ணத்தை நாட்டுக்குக் கொணர்ந்தார்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதைச் சட்டத்திலும் காண முடியாது, கணக்கேட்டிலும் காண முடியாது. அதுதான் எல்லாரையும் உள்ளே அழைக்கும் மனம். 1983 யூலையில் பொரளையில் மூண்ட வன்செயல் நகரெங்கும் பரவித் தமிழ் மக்களுக்குப் பெருங் கேடு விளைத்தது. அதன் பின் இரண்டே ஆண்டுகள் கழிந்து, அதே பொரளையில், ஒரு தமிழரின் பெயர் தாங்கிய அரங்கில், நாட்டின் முதல் டெஸ்ட் வெற்றி கிட்டியது. தமிழ் யூனியன் கழகம் பெயரால் தமிழ்க் கழகமாயினும், அதன் அணியில் பல இனத்தவரும் இடம் பெற்றனர். உலகில் எவரும் எட்டாத 800 டெஸ்ட் விக்கெட்டுகளை வீழ்த்திய முத்தையா முரளீதரனும் அக்கழகத்துக்கு ஆடியவர். யாரை அணிக்கு அழைப்பது, அறிவித்தலை எத்தனை மொழியில் எழுதுவது, பெண்பிள்ளைகளுக்கு மைதானத்தை வாரத்தில் எத்தனை நாள் ஒதுக்குவது, உடை மாற்ற அவர்களுக்கு அறை இருக்கிறதா என்பனவெல்லாம் நிர்வாகியின் மேசைமேல் வந்து விழும் கேள்விகள். அவற்றுக்கு அவர் தரும் விடையைப் பொறுத்தே ஒரு மைதானம் ஊரைச் சேர்க்கும் அல்லது பிரிக்கும்.

இத்துறையில் புக விரும்பும் மாணவர் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையானாலும் வெள்ளவத்தையானாலும், வவுனியாவானாலும் மட்டக்களப்பானாலும், படிக்கின்ற பள்ளியிலேயே பயிற்சிக்கூடம் இருக்கிறது. முதலில் ஓட்டப் பதிவேட்டைத் தவறின்றி எழுதப் பழகலாம். அடுத்து, இல்ல விளையாட்டுப் போட்டியின் கால அட்டவணையை ஆசிரியரிடம் கேட்டு வாங்கித் தாமே வகுத்துப் பார்க்கலாம். பொருள் அறையிலுள்ள பந்து, வலை, துடுப்பு எல்லாவற்றையும் எண்ணிப் பதிவேடு செய்யலாம். முதலுதவி கற்கலாம். நாட்டில் ஸ்ரீ ஜயவர்தனபுர, சப்ரகமுவப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு விஞ்ஞானமும் அதனோடு சேர்ந்த நிர்வாகமும் கற்பிக்கப்படுகின்றன. கணக்கியல், சட்டம், ஊடகவியல், உடலியல் எதைக் கற்றவருக்கும் இத்துறையில் வாசல் உண்டு. ஆனால் பட்டம் பெற்ற பின்பும் தேவைப்படுவன, பதினாறு வயதில் பள்ளி மைதானத்திலே பழகிய மூன்று குணங்கள்தான்: நேரந் தவறாமை, கணக்கில் நேர்மை, தோற்றவரிடத்தும் மரியாதை.

ஆட்டம் முடிந்ததும் கைதட்டல் ஆடியவருக்கே போய்ச் சேரும். நிர்வாகிக்கு அது கிடையாது. பிழை நேர்ந்தால் மட்டும் எல்லாரும் அவர் பெயரைக் கேட்பர். இதை அறிந்துகொண்டும் மகிழ்ச்சியோடு முன்வருபவரே இத்தொழிலுக்கு உரியவர். பெற்றோரும் ஆசிரியரும் அத்தகைய பிள்ளையை இனங்கண்டு, விளையாடத் தெரியாதவன் என்று ஒதுக்காமல், ஒரு பதிவேட்டையும் ஒரு அளவு நாடாவையும் அவன் கையில் கொடுக்கட்டும். அடுத்த முறை உலகம் நம் வாசலுக்கு விளையாட வரும்போது, களம் 22 யாராகவே இருக்கும்.